'நைந்த' துணியும் 'நைந்த' மனமும்

'நைந்த சட்டை என்றால் கிழிந்த சட்டையா? அப்படியானால் நைந்த மனம் என்பது என்ன?' என்று கேட்டிருக்கிறீர்கள்.

இல்லை, நைந்தது வேறு, கிழிந்தது வேறு. ஆணி மாட்டினால் புதுச்சட்டையும் ஒரு நொடியில் கிழியும். நைவதற்கு வருஷக்கணக்காகும். அப்பாவின் பழைய வேட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். இடுப்பில் செருகும் இடத்தில் பாவும் ஊடையும், அதாவது நெடுக்கு நூலும் குறுக்கு நூலும், தனித்தனியாகத் தெரியும். ஓட்டை இருக்காது, ஆனால் விரலால் அழுத்தினால் விட்டுவிடும். கிழிந்ததைத் தைத்துவிடலாம். நைந்ததைத் தைத்தால் தையலோரமே பிய்ந்துகொண்டு வரும். கையில் மட்டும் பூப்போல மெத்தென்று இருக்கும். குழந்தைக்குத் தூளி கட்டப் பழைய புடவையைத் தேடுவது அந்த மென்மைக்காகத்தான். ஆனால் நன்றாக நைந்துவிட்டதில் கட்டக்கூடாது, பாரம் தாங்காது.

மனத்துக்கு இந்தச் சொல் பொருந்துவதும் இதனால்தான். ஒரே அடியில் உடைந்த மனம் வேறு. நாள்தோறும் ஏச்சும் கவலையும் உரசி உரசி, வெளியே முழுசாகத் தெரிந்தாலும் உள்ளே பலமற்றுப் போனதுதான் நைந்த மனம். அதனால், திடீர் அதிர்ச்சியைச் சொல்லும் இடத்தில் 'நைந்த' என்று எழுதாதீர்கள்.

'நையப் புடைத்தான்' என்பதிலும் இதே 'நை'தான்: துவண்டுபோகும்வரை அடித்தான். செருப்பும் காசும் நைவதில்லை, தேயும்.