குயின்ஸ் ஆடினால் வேலை கிடைக்குமா?

வேலை தேடுவோரும் தருவோரும் இணைந்திருக்கும் லிங்க்ட்இன் தளத்தில் 2024 மே மாதத்திலிருந்து தினப் புதிர்கள் வருகின்றன. முதலில் குயின்ஸ், பின்பாயிண்ட், கிராஸ்கிளைம்ப் என்று மூன்று. அப்புறம் டேங்கோ, ஸிப், மினி சுடோகு என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. துபாயில் ஏழு வருடம் ஒரு சரக்கு நிறுவனத்துக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தவன் நான். இப்போது கீழக்கரையில் இருக்கிறேன். இந்தப் புதிர்களை வைத்து ஆள் பழகுவது பற்றி நம் கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். காக்கா என்று கூப்பிட்டால் எங்கள் பக்கம் அண்ணன் என்று அர்த்தம்.

காக்கா, மெக்கானிக்கல் முடித்து ஒரு வருடம் ஆகிறது. மூன்று வாரமாகத் தினமும் ஆடுகிறேன். ஒரு வேலையும் வரவில்லையே? (கீழக்கரை)

ஆடினால் வேலை வரும் என்று யார் சொன்னது தம்பி? புதிரை முடித்ததும் ஒரு பட்டியல் வருகிறதே, அதைப் பார்த்தாயா? உன் தொடர்பில் இருப்பவர்களில் இன்று யார் ஆடினார்கள், எவ்வளவு நேரத்தில் முடித்தார்கள் என்று காட்டும். புது ஆளை அது பிடித்துத் தராது. நீ என்றைக்கோ இணைத்து, அதோடு மறந்துபோன ஆளைத்தான் கண்முன் நிறுத்தும். காலேஜில் உனக்கு மூன்று வருடம் மூத்தவர், இப்போது சவுதியில் ஜுபைலில் இருக்கிறார் என்று வைத்துக்கொள். திடீரென்று "அண்ணே, வேலை இருக்கா" என்று கேட்க உனக்கே கூச்சமாக இருக்கும். அவர் பெயர் பட்டியலில் 1:12 என்று நின்றால், பேச்சைத் தொடங்க ஒரு சாக்கு கிடைத்துவிட்டது.

இதில் விஷயம் இருக்கிறது. மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1973-லேயே எழுதினார்: வேலை பற்றிய சேதி நெருங்கிய கூட்டாளிகளைவிட, எப்போதாவது பார்க்கிறவர்கள் வழியாகத்தான் அதிகம் வருகிறது. யோசித்தால் புரியும். உன் மச்சானுக்குத் தெரிந்த சேதி உனக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும். லிங்க்ட்இன்னிலேயே சுமார் 2 கோடிப் பேரின் தொடர்புகளை வைத்துச் சோதித்து 2022-ல் முடிவை வெளியிட்டார்கள். ரொம்ப நெருக்கமும் இல்லாமல், அறவே தெரியாதவராகவும் இல்லாமல் நடுவில் இருப்பவர்கள்தான் வேலை மாற அதிகம் உதவினார்கள் என்று வந்தது. அந்த ஜுபைல் அண்ணன் அந்த நடு ஆள்.

அண்ணா, நான் கடல் உயிரியல் படிக்கிறேன். எங்கள் துறைக்கு வந்து பேசிய, மண்டபம் கடல்மீன் ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானி ஒருவர் என் தொடர்பில் இருக்கிறார், தினமும் குயின்ஸ் ஆடுகிறார். என்ன எழுதுவது? (தங்கச்சிமடம்)

"ஹாய் சார், நைஸ் ஸ்கோர்" என்று மட்டும் எழுதிவிடாதேம்மா. அதற்கு "நன்றி" என்று சொன்னால் பேச்சு முடிந்தது.

குயின்ஸில் ஒவ்வொரு வரிசையிலும், ஒவ்வொரு நெடுக்கிலும், ஒவ்வொரு நிறத்திலும் ஒரே ஒரு கிரீடம். இரண்டு கிரீடம் மூலைக்கு மூலைகூடத் தொடக்கூடாது. எங்கே ஆரம்பிப்பது என்பதில் ஆளுக்கு ஒரு வழி. நான் கட்டம் குறைவான நிறத்தில் தொடங்குவேன். இரண்டு நிறங்கள் முழுவதும் இரண்டே வரிசைக்குள் அடங்கிவிட்டால், அந்த வரிசைகளில் மற்ற நிறக் கட்டங்களை எல்லாம் அடித்துவிடலாம். இதைக் கண்டுபிடித்த அன்றைக்கு நானே என் முதுகைத் தட்டிக்கொண்டேன். ஆடுகிற எல்லோருக்கும் இப்படி ஒன்று கைவசம் இருக்கும். கேட்டால் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். அதனால் ஜெயித்ததை எழுதாமல் மாட்டிக்கொண்டதை எழுது:

"சார், இன்றைய குயின்ஸில் ஊதா நிறத்தில் நான்கு நிமிடம் மாட்டிக்கொண்டேன். நீங்கள் எங்கே ஆரம்பித்தீர்கள்? எங்கள் துறையில் நீங்கள் கடல் விரால் பற்றிப் பேசியபோது கடைசி பெஞ்சிலிருந்து தீவனம் பற்றிக் கேட்டவள் நான்."

இவ்வளவு போதும். இதையே ஆங்கிலத்தில் எழுதிக்கொள். இன்டர்ன்ஷிப் பற்றி ஒரு வார்த்தையும் இப்போது வேண்டாம். அடைப்பில் வளர்த்த கடல் விராலை இந்தியாவில் முதன்முதலாக முட்டையிட வைத்தது 2010-ல் மண்டபத்தில்தான். அது பற்றிப் படித்து வைத்துக்கொள், பேச்சு அங்கேதான் போகும்.

புதுப் புதிர் எத்தனை மணிக்கு வருகிறது? (ராமநாதபுரம்)

அமெரிக்க மேற்குக் கடற்கரையின் நள்ளிரவுக்கு. நமக்கு அது மதியம் 12:30, அவர்கள் குளிர்காலத்தில் கடிகாரத்தை மாற்றும்போது 1:30. சரியாகச் சோற்று நேரம். துபாயில் இருப்பவருக்கு ஒன்றரை மணி நேரம் குறைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரத்தில் மெசேஜ் தட்டாதீர்கள்.

தினமும் ஸ்கோரைப் போஸ்ட் போடலாமா? (தேவிபட்டினம்)

நான் போட்டேன். பதினெட்டு நாள் தொடர்ந்து, மதியம் 12:40-க்கு. பத்தொன்பதாம் நாள் என் மேலாளர் திரையைக் காட்டி, "இந்த நேரத்தில்தானே நான் அனுப்பிய மெயிலைப் பார்க்கவில்லை என்றாய்?" என்றார். அப்புறம் போடவில்லை. ஒருவருக்குத் தனியாக அனுப்புவது பேச்சு. ஊருக்கே போடுவது கடைத்தெருவில் மைக் கட்டிக் கத்துவது மாதிரி.

எனக்கு இங்கிலீஷ் தகராறு. ஆடலாமா? (தொண்டி)

குயின்ஸ், டேங்கோ, ஸிப், சுடோகு நான்குக்கும் மொழி தேவையே இல்லை. டேங்கோ சூரியனும் நிலாவும், ஸிப் எண்களை வரிசையாக இணைத்து எல்லாக் கட்டத்தையும் நிரப்பும் ஒற்றைக்கோடு. வலை பின்னுகிற கைக்கு ஸிப் சுலபமாக வரும் என்பது என் சொந்த நம்பிக்கை, ஆதாரம் கேட்காதீர்கள். பின்பாயிண்ட்டுக்கும் கிராஸ்கிளைம்புக்கும்தான் ஆங்கிலச் சொல் நிறையத் தெரிய வேண்டும்.

தம்பி, என் மகன் நாள் முழுக்கப் போனில் கிடக்கிறான். கேட்டால் வேலைக்காக லிங்க்ட்இன் புதிர் ஆடுகிறேன் என்கிறான். உண்மையா? (பாம்பன்)

அம்மா, அதில் ஒவ்வொரு புதிரும் ஒரு நாளைக்கு ஒன்றுதான். எல்லாம் சேர்த்து ஆடினாலும் அரை மணி தாண்டாது. நாள் முழுக்க ஆடுகிறான் என்றால் அது வேறு ஏதோ ஆட்டம். போனை வாங்கிப் பாருங்கள்.

அண்ணே, முகம் தெரியாத ஒருவரை இணைத்துவிட்டேன். "இன்னைக்கு ஸிப் ஆடலையா" என்று தினம் ராத்திரி பதினோரு மணிக்கு மெசேஜ் வருகிறது. (உச்சிப்புளி)

பதில் சொல்லாதேம்மா. தொடர்பை நீக்கு, தடை செய். அவர் என்ன நினைப்பாரோ என்று கவலைப்படாதே. நீ ஆடியது மற்றவர்களுக்குத் தெரிய வேண்டாம் என்றால் அமைப்புகளில் அதையும் நிறுத்தி வைக்கலாம். பையன்களே, இந்தக் கேள்வியை இரண்டு தடவை படியுங்கள். மதியம் அனுப்பினால் பழக்கம், ராத்திரி பதினோரு மணிக்கு அனுப்பினால் தொல்லை. பதில் வராவிட்டால் இரண்டாவது மெசேஜே கூடாது.

நான்கு நொடியில் முடித்ததாகச் சிலர் காட்டுகிறார்களே காக்கா? (ஏர்வாடி)

விடையைப் பார்த்துப் போடுகிறார்கள். விடு.

அண்ணா, மறுபடியும் தங்கச்சிமடம். அவர் பதில் போட்டுவிட்டார்! "ஊதாவா? நான் மஞ்சளில் மாட்டினேன். தீவனக் கேள்வி ஞாபகம் இருக்கிறது, இப்போது குஞ்சுப் பொரிப்பகத்தில் அதுதான் தலைவலி" என்று எழுதியிருக்கிறார். இப்போது ரெஸ்யூமே அனுப்பட்டுமா?

அனுப்பாதே! தலைவலி என்றாரே, என்ன தலைவலி என்று கேள். பதில் வந்ததும் அதைப் பற்றி ஏதாவது படித்துவிட்டு இன்னொரு கேள்வி கேள். அடுத்த வாரம் அவரே "என்ன படிக்கிறாய்" என்று கேட்டால், பொரிப்பகத்தை ஒரு நாள் வந்து பார்க்கலாமா என்று கேட்டுவிடு. தங்கச்சிமடத்திலிருந்து பாலம் தாண்டினால் மண்டபம், பஸ்ஸுக்குச் சில்லறைதான் ஆகும். ரெஸ்யூமேயைத் தயாராக வைத்துக்கொள், ஆனால் அந்த ஃபைலுக்கு "ஃபைனல் ஃபைனல் 3" என்று பெயர் இருந்தால் இன்றைக்கே மாற்றிவிடு.