வாசகர் கேள்விகள்: இலையை உதிர்க்கும் காடுகள்

இம்முறை வந்த கேள்விகளுள் நான்கு ஒரே பொருளைப் பற்றியவை என்பதால், அவற்றுக்குச் சேர்த்தே விடையளிக்கிறோம்.

கேள்வி: குளிர்நாட்டு மரங்கள் பனியாலும், வெப்பநாட்டு மரங்கள் வறட்சியாலும் இலையை உதிர்ப்பதாகப் படித்தேன். எதிரெதிரான காரணங்கள் ஒரே விளைவைத் தருவது எப்படி?

பதில்: அடிப்படையில் காரணம் ஒன்றுதான், அது தண்ணீர். அகன்ற, மெல்லிய இலை தன் நுண்துளைகள் வழியே ஓயாமல் நீரை ஆவியாக வெளியேற்றுகிறது. அந்த இழப்பை வேர் ஈடுசெய்தாக வேண்டும். வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதி, ஐரோப்பா, கிழக்குச் சீனா, கொரியா, ஜப்பான் ஆகிய இடங்களின் மிதவெப்ப இலையுதிர் காடுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 750 முதல் 1,500 மில்லிமீட்டர் வரை மழையும் பனியும் பெரும்பாலும் எல்லா மாதங்களிலும் பெய்கின்றன என்றாலும், கடுங்குளிரில் மண்ணின் ஈரம் உறைந்துபோவதால் வேரால் அதை உறிஞ்ச இயலாது. மத்திய இந்தியாவின் தேக்கு, சால் காடுகளிலோ மழை சில மாதங்களுக்குள் பெய்து முடிந்து, மண் வறண்டுவிடுகிறது. உறைந்த நீரும் இல்லாத நீரும் வேருக்கு ஒன்றுதான். மெல்லிய இலை உறைந்து சிதைவதும், குளிர்காலத்தில் ஒளி குன்றுவதும் குளிர்நாட்டு மரங்களுக்குக் கூடுதல் காரணங்கள்.

உதிர்க்கும் வேளையை அறிவதில்தான் வேறுபாடு இருக்கிறது. குளிர்நாட்டு மரம் முதன்மையாகப் பகல் குறுகுவதைக் கொண்டு காலத்தைக் கணிக்கிறது. ஆகவே காடே ஏறத்தாழ ஒரே சமயத்தில் நிறம் மாறுகிறது. வெப்பநாட்டில் மண்ணின் ஈரமே பெரும்பாலும் அதைத் தீர்மானிப்பதால், மேட்டில் நிற்கும் மரம் மொட்டையான பின்பும் ஓடைக்கரை மரம் பசுமையாக இருக்கும். கார், கூதிர் எனத் தொடங்கும் நம் ஆறு பெரும்பொழுதுகளில் ‘இலையுதிர் காலம்’ என ஒன்று இல்லாததில் வியப்பில்லை.

கேள்வி: உதிரும் முன் இலை மஞ்சளாகவும் சிவப்பாகவும் மாறுவது ஏன்?

பதில்: மஞ்சள் புதிதாக வருவதன்று. பச்சையம் சிதையும்போது, அதுவரை அதனால் மறைக்கப்பட்டிருந்த மஞ்சள் நிறமிகள் வெளிப்படுகின்றன. மேப்பிள் போன்றவற்றின் சிவப்போ, அந்தக் கடைசி நாட்களில் இலை புதிதாக உருவாக்கும் நிறமி. இதற்கிடையில் மரம் இலையிலுள்ள நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் பெருமளவு திரும்ப எடுத்துக்கொண்டு, காம்பின் அடியில் தக்கை போன்ற ஓர் அடுக்கை வளர்த்துக் காயத்தை முன்கூட்டியே அடைத்துவிடுகிறது.

கேள்வி: மரங்கள் மொட்டையாக நிற்கும் காலத்தில் பிற உயிர்கள் எப்படிப் பிழைக்கின்றன?

பதில்: சிலவற்றுக்கு அதுவே நல்ல காலம். குளிர்நாட்டுக் காட்டில் பனி உருகியபின், மேலே இலைக்கூரை மூடுவதற்குள் கிடைக்கும் சில வார வெயிலில் டிரில்லியம் போன்ற தரைச்செடிகள் தளிர்த்துப் பூத்துவிடுகின்றன. வெப்பநாட்டில் புரசும் இலவும் இலையற்ற கிளைகளில் பூக்கின்றன. பறவைகளின் கண்ணுக்கு அப்பூக்களை மறைக்க அப்போது இலை ஏதுமில்லை.

விலங்குகளுள் பல பறவைகள் வலசை போகின்றன. முள்ளெலி உடல் வெப்பத்தைத் தாழ்த்திக்கொண்டு ஆழ்ந்து உறங்குகிறது. கரடியின் வெப்பம் அந்த அளவுக்குத் தாழ்வதில்லை. இவற்றையெல்லாம் விஞ்சியது வட அமெரிக்காவின் காட்டுத்தவளை (wood frog). சருகுகளுக்கடியில் கிடக்கும் அதன் உடல்நீரில் பெரும்பகுதி உறைந்து, இதயத் துடிப்பும் மூச்சும் நின்றுவிடுகின்றன; ஈரல் வெளியிடும் குளுக்கோஸ் செல்களைச் சிதையாமல் காப்பதால், வெப்பம் திரும்பியதும் அது உருகி, மீண்டும் துள்ளத் தொடங்குகிறது.

அந்தச் சருகுப் படுக்கையைப் பற்றி ஒரு சொல். மண்புழுவை எங்கும் நன்மையே செய்வதாகக் கருதுகிறோம். ஆனால் பனியுகத்தில் பனிப்பாறைகள் மூடியிருந்த வட அமெரிக்கக் காடுகளில் அண்மைக்காலம் வரை மண்புழுக்கள் இல்லை. ஐரோப்பியர் வருகையோடு வந்து சேர்ந்த புழுக்கள் சருகை விரைவில் தின்று தீர்ப்பதால், அதை நம்பி முளைக்கும் செடிகள் குறைந்துவருகின்றன.

கேள்வி: அணில் புதைத்துவிட்டு மறந்த கொட்டைகளே ஓக் காடுகளாகின்றன என்பது உண்மையா?

பதில்: பாதி உண்மை. மறதியைவிட, மிகுதியாகப் புதைப்பதும், மீட்கும் முன் அணில் இறந்துபோவதும் முக்கியமானவை. இடத்தை நினைவில் கொள்வதிலும் மோப்பத்தால் கண்டுபிடிப்பதிலும் அணில் கெட்டிக்காரப் பிராணி. வெள்ளை ஓக்கின் கொட்டை விழுந்த பருவத்திலேயே முளைத்துவிடும் என்பதால், வட அமெரிக்கச் சாம்பல்நிற அணில் அதன் முளைக்கருவைக் கடித்தெறிந்துவிட்டுப் புதைக்கிறது. வசந்தத்தில் முளைக்கும் சிவப்பு ஓக்கின் கொட்டையை அப்படியே புதைக்கிறது. தொலைவிடங்களுக்குக் கொட்டைகளைக் கொண்டுசெல்வதில் அணிலைவிட, காக்கைக் குடும்பத்தைச் சேர்ந்த ஜே பறவைக்கே பெரும்பங்கு உண்டு.