உவர் வயலுக்கு நுண்ணுயிர் பாட்டில் போதுமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கடலோரத்தில் மூன்று ஏக்கர் நெல் வயல். மண் பரிசோதனை அட்டையில் பி.எச் 8.1, இ.சி 2.8 என்று இருக்கிறது. உப்பைத் தாங்கும் பாக்டீரியா என்று ஒரு லிட்டர் பாட்டில் விற்கிறார்கள். வயலில் விட்டால் உப்பு போய்விடும் என்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், வேதாரண்யம்

பதில்: உப்பு போகாது. ஓர் ஏக்கரில் அரையடி ஆழ மண் மட்டும் சுமார் 9 லட்சம் கிலோ. அதில் 0.2 சதவீதம் உப்பு என்றாலே 1,800 கிலோ. பாட்டிலில் உள்ள பாக்டீரியா அத்தனையையும் எடை போட்டால் ஒரு கிராமைத் தாண்டுவதே அரிது. உப்பை வெளியேற்ற நல்ல தண்ணீரும் வடிகாலும்தான் வழி. ஓரடி ஆழ மண்ணைக் கழுவ, ஏறக்குறைய ஓரடி உயரத் தண்ணீர் அந்த மண்ணுக்குள் இறங்கி, வாய்க்கால் வழியே வெளியேற வேண்டும். அப்போது கரையும் உப்பில் சுமார் 80 சதவீதம் போகும். வடிகால் இல்லாமல் தண்ணீரை மட்டும் கட்டி வைத்தால், வெயிலில் அது வற்றும்போது உப்பு மறுபடி மேலே ஏறிவிடும்.

அட்டையில் உள்ள இ.சி (உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத் திறன்) எப்படி எடுத்தது என்று ஆய்வகத்தில் கேளுங்கள். ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் கலந்து அளந்ததென்றால், வேர் உணரும் உண்மையான உப்பு பெரும்பாலும் அதற்கு இரண்டு மடங்குக்கு மேல். ‘நெல் 3 வரை தாங்கும்’ என்று சொல்வது நிறைசேற்றுச் சாற்றில், அதாவது மண்ணைத் தண்ணீர் விட்டுச் சேறாகக் குழைத்து அதிலிருந்து பிரித்த நீரில், எடுத்த அளவை வைத்து. இரண்டையும் ஒன்றாக நினைத்து ஏமாறுபவர்கள் அதிகம்.

உங்கள் பி.எச் 8.1 என்பதால் இது உவர் (உப்பு மிகுந்த) நிலம், களர் (சோடியம் மிகுந்து காரமான நிலம்) அல்ல. ஜிப்சம் போடாதீர்கள், அதுவும் ஓர் உப்புதான். பி.எச் 8.5-ஐத் தாண்டி, தேங்கிய தண்ணீர் தெளியாமல் கலங்கியே நின்றால்தான் ஜிப்சத்துக்கு வேலை.

அப்படியானால் பாக்டீரியா எதற்கு? உப்பு தாக்கியதும் வேர் ஏ.சி.சி என்ற பொருளைச் சுரந்து அதை எத்திலீன் என்ற வாயு ஹார்மோனாக மாற்றும். எத்திலீன் கூடினால் வேர் நீள்வது நின்றுவிடும். சில சூடோமோனாஸ், பேசில்லஸ் வகைகள் அந்த ஏ.சி.சி-யை உடைத்துத் தங்களுக்கு உணவாக்கிக் கொள்கின்றன. வேறு சில, வேரைச் சுற்றிக் கொழகொழப்பான உறை கட்டி சோடியத்தைப் பிடித்து வைக்கின்றன. நெல் உப்புக்கு அதிகம் பயப்படுவது நாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும். நாற்றுப் பருவ ஆபத்தைத் தாண்ட இந்த பாக்டீரியா உதவும், அவ்வளவே. எல்லா சூடோமோனாஸுக்கும் இந்தத் திறன் கிடையாது. உப்பு நிலத்தில் பிரித்தெடுத்துச் சோதித்த வகையா என்று கேட்டு வாங்குங்கள்.

பொடி வடிவ சூடோமோனாஸை இப்படிப் பயன்படுத்துங்கள். கிலோ விதைக்கு 10 கிராம், ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து இரவு முழுக்க ஊறவைத்து, வடித்து, 24 மணி நேரம் முளைகட்டுங்கள். நடவன்று வயலோரம் 10 சதுர மீட்டர் பாத்தியில் ஓர் அங்குலம் தண்ணீர் நிறுத்தி, ஏக்கருக்கு ஒரு கிலோ பொடியைக் கரைத்து, நாற்றுகளின் வேர் அரை மணி நேரம் அதில் நனையட்டும். இந்தத் தண்ணீர் உவர் கிணற்றுத் தண்ணீராக இருக்கக் கூடாது. பின்னர் இன்னொரு கிலோவை 20 கிலோ மக்கிய தொழுவுரத்தில் கலந்து, ஈரம் இருக்கும்போது சாயங்காலமாகத் தூவுங்கள்.

பலன் கிடைக்காமல் போவது பெரும்பாலும் இந்தக் காரணங்களால்: பூஞ்சாணக்கொல்லி கலந்த அன்றே விதையில் பாக்டீரியாவையும் கலப்பது (24 மணி நேரம் விட வேண்டும்), யூரியாவோடு சேர்த்துத் தூவுவது, கடை வாசல் வெயிலில் காய்ந்த பாட்டிலை வாங்குவது. திரவ உயிர் உரமானால் மில்லிக்கு 10 கோடி உயிருள்ள செல்களாவது இருக்க வேண்டும் என்பது உரக் கட்டுப்பாட்டு ஆணை. லேபிளில் அந்த எண்ணும் காலாவதித் தேதியும் இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: உப்பளப் பாத்தியில் தண்ணீர் ரோஜா நிறமாகிறதே, அதில் உள்ளவை உப்பைத் தாங்கும் உயிர்கள்தானே? அதையே எடுத்து வயலில் தெளித்தால் என்ன?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: வேண்டாம். அந்த நிறம் டுனாலியெல்லா என்ற பாசியாலும் ஹாலோஆர்க்கியா என்ற நுண்ணுயிர்களாலும் வருவது. இந்த ஹாலோஆர்க்கியா உப்பைத் தாங்குபவை அல்ல, உப்பில்லாமல் வாழ முடியாதவை. செல்லுக்குள்ளேயே பொட்டாசியம் உப்பை நிரப்பி வைத்திருப்பதால், நல்ல தண்ணீர் பட்டதும் பலவும் வெடித்துச் சிதறிவிடும். வயலுக்கு மிஞ்சுவது நீங்கள் சுமந்து வந்த உப்பு மட்டுமே. பாத்தியில் அவை இருப்பது நல்லதுதான்: சிவப்பு நிறம் வெயிலை உறிஞ்சுவதால் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகிறது.

கேள்வி: காயவைத்த கருவாட்டில் சில நாளில் சிவப்பு படர்ந்து பிசுபிசுக்கிறது, நாற்றமும் வருகிறது. உப்பைக் கூட்டிப் பார்த்தும் நிற்கவில்லை.
– வாசகி, இராமேசுவரம்

பதில்: கூட்டினால் எப்படி நிற்கும்? மேலே சொன்ன அதே ஹாலோஆர்க்கியாதான் இதுவும். உப்பளத்துக் கல்லுப்போடு வந்து சேர்கிறது. மீனின் புரதத்தைச் சிதைப்பதால் நாற்றம். ஒரு தடவை போட்ட உப்பை மறுபடி பயன்படுத்தாதீர்கள். தொட்டி, பலகை, கூடை எல்லாவற்றையும் கடல் தண்ணீரில் அலசாமல் நல்ல தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். அதற்குக் காரணம் முந்தைய பதிலிலேயே இருக்கிறது. சிவந்த மீனைத் தனியே எடுத்துவிடுங்கள். மீதியை நன்றாக உலர்த்தி, குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். வெக்கையும் ஈரமும் சேர்ந்தால்தான் இது வேகமாகப் பெருகும்.

கேள்வி: உயிர்த்தொழில்நுட்பம் படிக்கிறேன். இந்த நுண்ணுயிர்களை வைத்துத் தொழிற்சாலையில் என்ன செய்கிறார்கள்?
– மாணவி, கோவை

பதில்: நல்ல உதாரணம் எக்டோயின், உப்பிலிருந்து தங்களைக் காக்க சில பாக்டீரியா உருவாக்கும் பொருள். 1985-ல் கண்டறியப்பட்டது, தோல் கிரீம்களிலும் கண் சொட்டு மருந்திலும் சேர்க்கிறார்கள். ஹாலோமோனாஸ் எலாங்கேட்டா என்ற பாக்டீரியாவை 10 சதவீத உப்பில் வளர்த்தால், அது தன்னைக் காத்துக்கொள்ள எக்டோயினைச் சேர்த்து வைக்கும். திடீரென்று 3 சதவீத உப்புக்கு மாற்றினால், உள்ளே புகும் தண்ணீரால் வீங்கி வெடிக்காமலிருக்க எக்டோயினை வெளியே தள்ளும். வடிகட்டிவிட்டு அதே செல்களை மறுபடி 10 சதவீதத்தில் விடலாம். பால் கறப்பது என்றே இந்த முறைக்குப் பெயர். ஸ்பெயினின் சாந்தா போலா உப்பளத்தில் கிடைத்த ஹாலோஃபெராக்ஸ் மெடிட்டரேனி என்ற ஹாலோஆர்க்கியா மக்கும் பிளாஸ்டிக் தருகிறது. அவ்வளவு உப்பில் வேறு கிருமி வளர்வது கடினம் என்பதால் கிருமிநீக்கச் செலவு குறைகிறது. ஆனால் குளோரைடு, துருப்பிடிக்காத எஃகையும் புள்ளி புள்ளியாக அரித்துவிடும். அதனால் மிச்சமான செலவில் ஒரு பங்கு கலனுக்கே போய்விடுகிறது.