ஓடும் நீரில் கால் ஊன்றலாமா?

அன்புள்ள ஐயா,

நேபாளத்தின் திரிசூலி ஆற்றில் நீங்கள் படகிலிருந்து விழுந்து மீண்டதை உங்கள் பயணக் குறிப்பில் படித்தேன். எனக்கு 48 வயது, நீச்சல் தெரியாது. அக்டோபரில் மகளுடன் காத்மாண்டு செல்கிறேன். அதே ஆற்றில் ராஃப்டிங், அதாவது ரப்பர் படகில் ஆற்றின் வேகத்தோடு இறங்கும் பயணம், போயே ஆக வேண்டும் என்று அவள் பிடிவாதமாக நிற்கிறாள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவில் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்தபோது, கால் ஏதோ ஒரு பள்ளத்தில் சிக்கி விழுந்துவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர்தான் இழுத்துத் தூக்கினார். அன்றிலிருந்து ஓடும் தண்ணீரைக் கண்டாலே உடம்பு நடுங்குகிறது. நான் போகலாமா? இது உயிரோடு விளையாடுவது ஆகாதா?

வாசகி, வேளச்சேரி

அன்புள்ள சகோதரிக்கு,

போகலாம். நீச்சல் தெரியாது என்பது அதற்குத் தடையில்லை. அஞ்ச வேண்டியது வேறொன்று. அது உங்கள் தெருவிலேயே உங்களுக்கு நேர்ந்திருக்கிறது என்பதால்தான் இந்தப் பதிலைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

ஆலகால விஷத்தை உண்ட சிவன், தாகம் தணிய மலையில் திரிசூலத்தைக் குத்தி நீரை வரவழைத்தார் என்பது 4,380 மீட்டர் உயரத்திலுள்ள கோசாயிகுண்டம் ஏரியைப் பற்றிய கதை. ஆற்றின் பெயரும் அதிலிருந்து வந்தது. திபெத்திலிருந்து இறங்கிவரும் திரிசூலி, தேவ்காட்டில் காளி கண்டகியோடு கலக்கிறது. ஆழ்வார்கள் பாடிய திருச்சாளக்கிராமம் என்று முக்திநாத்துக்கு நம் ஊரிலிருந்து போய்வருபவர்கள் கொண்டுவரும் சாளக்கிராமம், அந்தக் கண்டகியில் உருண்டு வழவழப்பான கல்தான். திரிசூலியின் படுகை நெடுகிலும் அப்படி உருண்ட கற்கள்தான், கைப்பிடியளவிலிருந்து ஒரு ஆட்டோ அளவு வரைக்கும். அந்தக் கற்களுக்கு இடையிலுள்ள சந்துகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் விழுந்ததற்குக் காரணம் ஆறு; தத்தளித்ததற்குக் காரணம் நான். மதியச் சாப்பாட்டுக்குக் கரையில் ஒதுங்கியபோது, லைஃப் ஜாக்கெட்டின் பக்கவார்களைத் தளர்த்தியவன் மறுபடி இறுக்கவில்லை. அடுத்த ராப்பிட்டில், அதாவது ஆறு சரிவில் பாறைகளுக்கிடையே கொந்தளித்து இறங்கும் இடத்தில், ஒரு பாறைக்குப் பின்னாலிருந்த பள்ளத்தில் படகின் முனை குத்தி எழுந்தபோது நான் படகில் இல்லை. பனி உருகிவரும் அந்தக் குளிரில் விழுந்த கணமே நெஞ்சு நம்மைக் கேட்காமல் மூச்சை இழுக்கும். அந்த மூச்சோடு தண்ணீரும் வந்தது. ஜாக்கெட் மேலே மிதந்தது, நான் அதற்குள் காதுவரை இறங்கியிருந்தேன். தோள்பட்டையில் பிரிந்திருந்த ஒரு சிவப்பு நூல் என் கண்ணுக்கு நேரே தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது. அதற்கு அப்பால் எதுவும் தெரியவில்லை.

அப்போது என் உடம்பு செய்ய விரும்பியது ஒன்றே ஒன்றுதான்: காலைக் கீழே ஊன்றி எழுந்து நிற்பது. படகிலிருந்த வழிகாட்டி இளைஞர், காலைத் தூக்கு, காலைத் தூக்கு என்று இந்தியில் கத்திக்கொண்டே இருந்தார். காலையில் கரையில் கற்றுத்தந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மல்லாந்து, பாதங்கள் நீரோட்டத்தின் திசையில் முன்னே இருக்க, கட்டைவிரல்கள் தண்ணீருக்கு மேலே தெரியும்படி கிடந்தேன். அலையின் பள்ளத்தில் மூச்சை எடுத்து, முகட்டில் அடக்கினேன். மூன்று அலைகள் கடந்ததும் படகு அருகில் வந்தது. அவர் என் ஜாக்கெட்டின் தோள்வார்களைப் பற்றி, தாம் பின்னால் சாய்ந்து விழுந்த வேகத்தில் என்னை உள்ளே இழுத்துப் போட்டார்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். மலையாற்றில் ஆழம் தெரிந்தாலும் காலை விடக்கூடாது. ஊன்றிய பாதம் இரண்டு கற்களுக்கு இடையில் சிக்கினால், நீரோட்டம் முதுகில் அறைந்து உடலை முன்னால் மடக்கிவிடும். முகம் தண்ணீருக்குள் போய்விடும். வேகம் இரண்டு மடங்கானால் நீர் தள்ளும் விசை நான்கு மடங்காகும் என்பதால், இடுப்பளவு நீரில்கூட எவ்வளவு வலுவுள்ளவராலும் நிமிர முடியாமல் போகலாம். அப்போது நீச்சலும் உதவாது, ஜாக்கெட்டும் உதவாது. முழங்காலுக்குக் கீழே நீர் வற்றிய இடத்தை அடையும்வரை எழுந்து நிற்கக்கூடாது என்று வழிகாட்டிகள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். 2015இல் நீங்கள் விழுந்தது தைரியக் குறைவால் அல்ல, சகோதரி. உங்கள் பயம் ஒரு உண்மையான ஆபத்தைச் சரியாக அடையாளம் கண்டிருக்கிறது. பத்து வருடங்களாக அதைப் பலவீனம் என்று நீங்கள் எண்ணியிருந்தால், தயவுசெய்து அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

நீச்சல் ஏன் பெரிதாக உதவுவதில்லை என்றால், வெண்ணுரையாகப் பொங்கும் நீரில் பாதி காற்று. அது குளத்து நீரைப்போல ஆளைத் தாங்காது. அங்கே தாங்குவது ஜாக்கெட்தான். ஆறுகளை ஒன்று முதல் ஆறு வரை கிரேடு பிரிக்கிறார்கள்; எண் கூடக்கூட ஆபத்தும் கூடும். மழைக்காலம் முடிந்தபின் திரிசூலியில் பயணிகளை அழைத்துச்செல்லும் சரௌடிப் பகுதி பெரும்பாலும் மூன்றாம் கிரேடு. நீச்சல் தெரியாதவர்கள் அங்கே தினமும் போய்வருகிறார்கள். போட்டே கோசிக்கு மட்டும் மகள் எவ்வளவு கெஞ்சினாலும் இணங்காதீர்கள். அது செங்குத்தாக இறங்கும் ஆறு, முதன்முறை போகிறவர்களுக்கு உரியதல்ல. அக்டோபரிலும் முற்பகுதியைவிடப் பிற்பகுதி நல்லது, வெள்ளம் வடிந்திருக்கும். படகுக்கு முன்னே மீட்புக்கென்று ஒரு கயாக் (ஒருவர் துடுப்புப் போடும் சிறு படகு) வருமா என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள். இல்லை என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

அதுவரை வேளச்சேரி நீச்சல் வளாகத்தில் ஒரு பயிற்சியாளரிடம் சொல்லி, நீச்சல் வேண்டாம், மல்லாந்து மிதக்க மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். காது நீருக்குள் இருக்கும்போது கலவரப்படாமல் மூச்சுவிடப் பழகினால் போதும், பாதி வேலை முடிந்தது.

ஆற்றங்கரையில் ஜாக்கெட் அணிந்ததும், அதன் தோள்வார்களை மேல்நோக்கி இழுத்துப் பார்க்கும்படி வழிகாட்டியிடம் கேளுங்கள். அது மோவாயைத் தாண்டி எழும்பினால் இன்னும் இறுக்க வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொரு முறையும் கேளுங்கள், மகளுக்கும் சேர்த்து.