வலிக் குளிசையை வருடக்கணக்கில் எடுத்தால் அதற்கு அடிமையாகிவிடுவோமா?

2009 வரை நடந்த போரில் பட்ட செல் (எறிகணை) துண்டை இன்னும் உடம்பில் சுமப்பவர்களும் கால் இழந்தவர்களும் வன்னியில் ஊருக்கு ஊர் உண்டு. ட்ரமடோல் போன்ற குளிசையை எடுக்கும் பலருக்கும் இந்தப் பயம் இருக்கிறது.

மருந்துக்கு உடல் பழகுவது வேறு, அடிமையாவது வேறு. பழகுவது என்றால், அது இல்லாவிட்டால் உடம்பு குழம்பிப்போகும் நிலை. ட்ரமடோல், மோர்பின் வகை மருந்துகள் மூளையிலும் முள்ளந்தண்டிலும் வலிச் செய்தியை அமுக்குகின்றன. நரம்புகளும் சும்மா இருப்பதில்லை. ஈடுகட்ட எதிர்ப்பக்கம் இழுக்கத் தொடங்கும். பழைய அளவு போதாமல் போவதும் இதனால்தான். வருடப்பிறப்பு விளையாட்டில் கயிறிழுக்கும்போது ஒரு பக்கத்தார் திடீரென்று கயிற்றை விட்டால் மற்றப் பக்கத்தார் மல்லாக்க விழுவார்கள் அல்லவா? குளிசையைச் சட்டென்று நிறுத்தினாலும் அப்படித்தான்: வியர்வை, வயிற்றோட்டம், நித்திரையின்மை, முன்னையைவிடக் கூடிய வலி. ஆகவே டொக்டரோடு கதைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். நீங்களாகக் கூட்டவும் வேண்டாம். ட்ரமடோல் அளவு மிஞ்சினால் வலிப்பு வரலாம்.

இல்லாத கால் எரிவதுபோல் இருப்பது நரம்பு வலி. அதற்கு அமிட்ரிப்டிலின் போன்ற வேறு மருந்துகளும் உண்டு, கிளினிக்கில் கேட்டுப் பாருங்கள்.

டைக்குளோபினாக் என்ற வேறு வகை வலிக் குளிசை இப்படிப் பழக்கம் உண்டாக்காது, சரி. ஆனால் வயிற்றையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். சிறுநீரக நோய் ஏற்கெனவே உள்ள வவுனியாப் பக்கத்தில் இது சின்ன விஷயமல்ல.

குளிசையை விட்டதும் உடம்பு படுத்துகிறது என்பதற்காக ஒருவரைப் போதைக்காரர் என்று சொல்வது பிழை. கேடு தெரிந்தும் கட்டுப்பாடில்லாமல் மருந்தைத் தேடி அலைவதுதான் அடிமைத்தனம்.