பிறந்த குழந்தைக்கு எந்த பேபி கேரியர் வாங்குவது? எது வசதி, எது பாதுகாப்பு?

அடுத்த மாதம் பிரசவம், வீட்டில் ஒத்தாசைக்கு ஆள் குறைவு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டே நாலு வேலை பார்க்க ஒரு கேரியரை இப்போதே வாங்கி வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்கி வைக்காதீர்கள். பிள்ளை பிறக்கட்டும், எடை தெரியட்டும், அப்புறம் வாங்கலாம். முன்கூட்டியே வாங்கி ஐந்து மாதம் பீரோ மேல் போட்டு வைத்தவள் சொல்கிறேன்.

எங்களுக்குக் காரைக்குடி பக்கம் பள்ளத்தூர். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். வளைகாப்பு முடிந்த கையோடு என் வீட்டுக்காரர் சென்னையிலிருந்து ஒரு பக்கிள் கேரியரை வாங்கி அனுப்பினார். தோளுக்கு இரண்டு பட்டை, இடுப்புக்கு ஒரு பெல்ட், பார்த்தால் மலையேறப் போகிறவர்களின் பை மாதிரி இருக்கும். பெட்டியின் முன்பக்கம் சிரிக்கும் குழந்தையும் "பிறந்த நாள் முதல்" என்ற பெரிய எழுத்தும். பின்பக்கம் பொடி எழுத்தில் "3.5 கிலோ முதல்" என்று போட்டிருந்ததைப் பையன் பிறந்த பிறகுதான் படித்தேன். அவன் பிறந்தபோது 2.7 கிலோ.

என் பிள்ளை ஒன்றும் நோஞ்சான் இல்லை. நம் நாட்டில் பிறக்கும் குழந்தைகளின் சராசரி எடையே ஏறக்குறைய 2.8 கிலோதான். கடையில் கிடைக்கும் கேரியர்களில் பலவும் 3.2 அல்லது 3.5 கிலோவில் ஆரம்பிக்கின்றன. நம் பிள்ளைக்கு அந்த எடை வர ஒரு மாதத்துக்கு மேல்கூட ஆகும். அதற்கு முன்னால் உட்கார வைத்தால் கால் வெளியே வராது, உடம்பு பைக்குள் சரிந்து இறங்கிவிடும். கடைக்காரர் "எல்லாப் பிள்ளைக்கும் சேரும்மா" என்றுதான் சொல்வார். நீங்கள் கிலோவைத் தேடிப் படியுங்கள். மாதக் கணக்கை நம்ப வேண்டாம்.

சரி, பக்கிள் பை பீரோ மேல் போய்விட்டது. அப்போதுதான் என் சித்தி மகள் தன் பிள்ளைக்கு வாங்கிய இன்னொன்றைக் கொடுத்தாள். ஒரு தோளில் குறுக்கே மாட்டிக்கொள்ளும் துணிப்பை. பிள்ளை உள்ளே தூளியில் கிடப்பதுபோல் படுத்துக்கொள்ளும். வீட்டில் எல்லோருக்கும் அது பிடித்துப்போனது. அப்பத்தா அதற்கு முந்தின வாரம்தான், நான் பிள்ளையை நெஞ்சோடு நிமிர்த்தி ஒரு துண்டால் கட்டிப் பார்த்ததற்குக் கத்தித் தீர்த்திருந்தார். "அடி ஆத்தாடி, கழுத்தே நிக்காத புள்ளைய இப்படி நெட்டுக்குத்தலா நிறுத்திக் கட்டுறாளே! உரம் விழுந்தா யாரு எடுக்குறது?" துணிப்பையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "இது தொட்டில் மாதிரி. இதுல போடு."

நாற்பத்தெட்டாம் நாள் பிள்ளையார்பட்டிக்குப் போனோம். சங்கடஹர சதுர்த்தி என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை, வரிசை நீண்டு கிடந்தது. பையன் பைக்குள் தூங்குகிறான், எனக்கு இரண்டு கையும் சும்மா இருக்கிறது, பெரிய நிம்மதி. பாதி வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒரு ஆச்சி திரும்பி, "ஏம்மா, புள்ளை என்னமோ முக்குதே, வெளியே எடுத்துப் பாரு" என்றார். துணியை விலக்கிப் பார்த்தால் பிள்ளை குண்டு எழுத்துப்போல வளைந்து கிடக்கிறான். தாடை நெஞ்சில் அழுந்தியிருக்கிறது. மூச்சு விடும்போது சின்னதாக ஒரு முக்கல். முகமெல்லாம் வேர்வை. தூக்கி நிமிர்த்தியதும் ஒரு பெரிய மூச்சு வாங்கி வீறிட்டு அழுதான். அந்த அழுகை எனக்கு அன்றைக்குக் கற்பக விநாயகர் கொடுத்த வரம். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவன் அழவேயில்லையே, ஏன் அழவில்லை என்பதுதான் ராத்திரியெல்லாம் என்னைத் தூங்கவிடவில்லை.

தடுப்பூசிக்குப் போனபோது குழந்தை மருத்துவரிடம் கேட்டேன். பிறந்த குழந்தைக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரியது, கனமானது. அதைத் தாங்கும் கழுத்துத் தசைக்கு இன்னும் வலு வரவில்லை. மூச்சுக்குழாயும் மெல்லியது, மிருதுவானது. தாடை நெஞ்சில் படும்படி தலை கவிழ்ந்தால் அந்தக் குழாய் மடங்கிப்போகும், தண்ணீர் ட்யூபை மடக்கிப் பிடித்த மாதிரி. தலையைத் தானே நிமிர்த்திக்கொள்ளப் பிள்ளைக்குத் தெரியாது. காற்று குறையும்போது சத்தம் போடவும் தெம்பு இருக்காது. நாம் நிம்மதியாகத் தூங்குகிறது என்று நினைத்துக்கொண்டிருப்போம். அமெரிக்காவில் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2010 மார்ச்சில் இந்த வகைத் துணிப்பைகளைப் பற்றி ஒரு எச்சரிக்கையே விட்டது. அதற்கு முந்தைய 20 ஆண்டுகளில் குறைந்தது 14 சாவுகள், அவற்றில் 12 பேர் நான்கு மாதம்கூட நிரம்பாத குழந்தைகள் என்று அதில் கணக்குச் சொல்லியிருந்தார்கள்.

ஆக, பார்க்கத் தொட்டில் மாதிரி இருந்து வீடே மெச்சியது ஆபத்தானதாக இருந்தது. அப்பத்தா பயந்த நெட்டுக்குத்தல்தான், ஒழுங்காகக் கட்டினால், சரியான முறை. (தூளியிலும் தலை எப்படிக் கிடக்கிறது என்று பார்க்கத்தான் வேண்டும். அதைத் தனியாகக் கேளுங்கள், தனியாகச் சண்டை போடலாம்.)

நிமிர்த்திக் கட்டுவது புதுமோஸ்தரும் இல்லை. பிரசவ வார்டில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்ணுக்கு 1.9 கிலோவில் குழந்தை. அதை வெற்றுடம்போடு அவள் மார்பில் நிமிர்த்தி வைத்து, தவளை மாதிரி காலை விரித்து, தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, துணியால் சுற்றிக் கட்டிவிட்டார் நர்ஸ். கங்காரு பராமரிப்பு என்பார்கள். கொலம்பியாவின் பொகோட்டா நகரத்தில் 1978இல் இன்குபேட்டர் போதாமல் ஆரம்பித்த முறை. இன்றைக்கு 2.5 கிலோவுக்குக் குறைவாகப் பிறக்கும் குழந்தைகளுக்கு உலக சுகாதார நிறுவனமே அதைப் பரிந்துரைக்கிறது. நான் பார்த்துக்கொண்டுதான் படுத்திருந்தேன். அது நமக்கான பாடம் என்று அப்போது உறைக்கவில்லை.

இனி உங்கள் கேள்விக்கு நேரே வருகிறேன். எந்தக் கேரியரானாலும் பிள்ளையை உள்ளே வைத்ததும் நான் பார்ப்பது இவைதான். தலையைக் குனிந்தால் பிள்ளையின் உச்சியில் முத்தம் கொடுக்க எட்ட வேண்டும். எட்டவில்லை என்றால் அது தாழ இருக்கிறது. முகம் முழுசாக என் கண்ணில் பட வேண்டும், மூக்கின்மேல் துணியோ என் மார்போ முந்தானையோ படக் கூடாது. தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே என் விரல் ஒன்று தாராளமாக நுழைய வேண்டும். முதுகில் கைவைத்து லேசாக அழுத்தினால் பிள்ளை சுருண்டு என்னோடு ஒட்டக் கூடாது. ஒட்டினால் கட்டு தளர்ச்சி, அவிழ்த்துத் திரும்பக் கட்டு. இறுக்கமாகக் கட்டினால் பாவம் என்று நமக்குத் தோன்றும். உண்மையில் தளர்ச்சியாகக் கட்டினால்தான் பிள்ளை சரியும். இங்கிலாந்தில் ஸ்லிங் (பிள்ளையை உடம்போடு சேர்த்துக் கட்டும் துணி) செய்கிறவர்களும் விற்கிறவர்களும் சேர்ந்து வகுத்த ஐந்து விதிகளும் ஏறக்குறைய இவைதான். குறைமாதக் குழந்தை, எடை குறைந்த குழந்தை, சளியோ மூச்சுத் தொந்தரவோ உள்ள குழந்தை என்றால் இதெல்லாம் போதாது, மருத்துவரைக் கேட்காமல் கட்டவே வேண்டாம்.

"கால் வளைந்துவிடும்" என்று சொல்ல உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார். எங்கள் வீட்டில் மூன்று பேர். நேர்மாறாகத்தான் விஷயம். பிறந்த குழந்தையின் இடுப்புக் கிண்ணம் இன்னும் முற்றாத குருத்தெலும்பு. தொடை விரிந்து, முட்டி பிட்டத்தைவிடச் சற்று மேலே இருந்தால் தொடை எலும்பின் பந்து போன்ற முனை அந்தக் கிண்ணத்தில் நன்றாக உட்காரும். காலை நேராக நீட்டி இறுக்கிச் சுற்றினால்தான் கெடுதல். ஜப்பானில் 1975 வாக்கில் பிள்ளைகளின் காலை நீட்டிக் கட்டாதீர்கள் என்று நாடு முழுக்கச் சொல்ல ஆரம்பித்த பிறகு, இடுப்பு மூட்டு நழுவிய குழந்தைகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. அதனால் கேரியரின் அடித்துணி ஒரு முட்டிக்குப் பின்னாலிருந்து மறு முட்டி வரை அகலமாகத் தாங்க வேண்டும். கவட்டையில் மட்டும் ஒரு ஒல்லிப் பட்டை, கால் இரண்டும் தொங்குகிறது என்றால் வாங்காதீர்கள். முகத்தை வெளிப்பக்கம் திருப்பி மாட்டுவதும் குறைந்தது ஆறு மாதம் வரை வேண்டாம். படத்தில் நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

என்ன வகை? நான் கடைசியில் பயன்படுத்தியது ரிங் ஸ்லிங். ஒற்றைத் துணி, இரண்டு வளையம், பிள்ளையின் அளவுக்கு இழுத்துச் சரிசெய்துகொள்ளலாம். அதிலும் நிமிர்த்தித்தான் வைத்தேன். ஒரு தோளில் பாரம் விழும் என்பது அதன் குறை, அரை மணி நேரத்துக்கு மேல் எனக்கு முடியாது. நாலைந்து மீட்டர் நீளத்தில் பனியன் துணி மாதிரி இழுபடும் ராப் என்று ஒன்று இருக்கிறது. பச்சைப்பிள்ளைக்கு அது ரொம்ப இதம் என்பார்கள், எனக்கும் மறுப்பில்லை. ஆனால் உடம்பில் மூன்று சுற்று வருகிறது. சித்திரை வைகாசியில் காரைக்குடியில் அதைக் கட்டிப் பார்த்தவர்கள் மறுநாள் கட்ட மாட்டார்கள். கொடைக்கானல்காரர்கள் வாங்கட்டும். நமக்கு மெல்லிய பருத்தி, ஒற்றைச் சுற்று. பிள்ளைக்கு உள்ளே ஒரு ஜட்டி போதும், நம் உடம்புச் சூடே அதற்கு ஒரு சட்டை. பிடரியில் கைவைத்துப் பார்த்துக்கொண்டே இருங்கள். வேர்த்திருந்தால் வெளியே எடுங்கள்.

பருத்தி என்றதும் அப்பத்தா தன் கண்டாங்கிச் சேலையைக் கொண்டுவந்தார். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய எங்கள் ஊர்ச் சேலை, நல்ல தடிமனான நெசவு. எனக்கும் ஆசைதான். ஆனால் அது நாற்பது வருஷச் சேலை. இரண்டு கையாலும் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தேன், கரையோரம் டர்ரென்று கிழிந்தது. "அட, அதைத் தூளி கட்ட எடுத்து வச்சிருந்தேனே" என்றார் அப்பத்தா, கொஞ்சமும் அசராமல். பழைய சேலையை வெட்டித் தைத்துக்கொள்ள நினைப்பவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வளையமும் அப்படித்தான். பாத்திரக்கடையிலோ பை தைக்கும் கடையிலோ கிடைக்கும் பற்றவைத்த கம்பி வளையம் வேண்டாம், பாரம் தாங்கி ஒட்டு விட்டுவிடும். ஸ்லிங்குக்கென்றே ஒட்டில்லாமல் செய்து, பாரம் தாங்குமா என்று சோதித்த அலுமினிய வளையம் வருகிறது.

எனக்குச் சிசேரியன். பெல்ட் வைத்த கேரியர்கள் நேராகத் தையல்மேல் வந்து உட்காரும். ஆறு வாரம் கழித்து மருத்துவர் பார்த்துச் சரி என்ற பிறகு தொடுங்கள். அதுவரை வீட்டில் யாராவது அவரவர் உடம்பில் கட்டிக்கொள்ளட்டும், பிள்ளைக்கு நெஞ்சுச் சூடுதானே வேண்டும்.

கட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போகாதீர்கள். உங்களுக்கு ஒத்தாசைக்கு ஆள் இல்லை என்பது தெரியும், இருந்தாலும் இதில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். பணியாரத்துக்கு எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கும்போது பிள்ளையின் கால் எங்கே இருக்கும் என்று யோசித்தால் போதும். துணி மடிக்கலாம், கீரை ஆயலாம், முகப்பில் நடக்கலாம். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் கட்டுக்குக் கட்டு உயர நிலைப்படி, கீழே ஆத்தங்குடிக் கல், ஈரம் பட்டால் வழுக்கும். நெஞ்சில் பிள்ளை இருந்தால் சொந்தக் கால் நமக்குத் தெரியாது. குனிவதானால் இடுப்பை வளைக்காமல், ஒரு கையால் பிள்ளையின் தலையைப் பிடித்து, முட்டியை மடக்கி இறங்குங்கள்.

இன்னொன்று, டூவீலர். காரைக்குடியில் வாரம் ஒருவரையாவது பார்க்கிறேன், கேரியரில் கைப்பிள்ளையோடு பின்னால் உட்கார்ந்து போகிறார்கள். கேரியர் நடக்கும்போது தூக்கத்தான், விழும்போது காக்காது. நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையை வண்டியில் ஏற்றினால் ஓட்டுகிறவரோடு இணைக்கும் பாதுகாப்புப் பட்டை, ஒன்பது மாதத்துக்கு மேல் குழந்தைக்கென்று ஹெல்மெட், 40 கிலோமீட்டருக்கு மேல் வேகம் கூடாது என்று 2022இல் மத்திய அரசு விதியே போட்டது. கேரியர் அந்தப் பட்டை ஆகாது. கைப்பிள்ளையோடு ஆட்டோவிலோ பஸ்ஸிலோ போங்கள். காரில் போனாலும் பிள்ளைக்கு வேண்டியது குழந்தைகளுக்கான கார் சீட், கேரியர் இல்லை.

பீரோ மேல் இருந்த அந்த பக்கிள் பையைச் சொல்லாமல் விட்டேனே. ஐந்தாம் மாதம், தலை நன்றாக நின்று, ஆறரை கிலோ ஆன பிறகு கீழே இறக்கினோம். அப்போது கனக்கச்சிதமாகச் சேர்ந்தது. விடியக்காலைப் பல்லவன் ரயிலில் சென்னைக்குத் திரும்பியபோது என் வீட்டுக்காரர்தான் மாட்டிக்கொண்டார். எழும்பூர் வரும்வரை நான் தூங்கினேன்.