நானோட்ராப்ல 180, க்யூபிட்ல 62: எதை நம்புறது?

ஒரே ஆர்என்ஏ ட்யூப், ஒளி உறிஞ்சலை வச்சு அளக்குற நானோட்ராப்ல மைக்ரோலிட்டருக்கு 180, ஒளிரும் சாயத்தை வச்சு அளக்குற க்யூபிட்ல 62 நானோகிராம்னு காட்டுது, சுத்தத்தைக் காட்டுற 260/280 ரேஷியோ 1.9 இருக்கே அப்புறம் என்னன்னு கேக்குறீங்க. அந்த ரேஷியோவை மட்டும் வச்சு நம்ப முடியாதுங்க, 260 நானோமீட்டர்ல எது ஒளியை உறிஞ்சினாலும் நானோட்ராப் கணக்குல சேர்த்துடும், டிஎன்ஏ, உதிரி நியூக்ளியோடைடு, ஆர்என்ஏ பிரிக்கப் போட்ட ட்ரைசால்ல மிச்சம் நின்ன ஃபீனால் எல்லாமே. க்யூபிட் ஆர்என்ஏ கிட் சாயம் ஆர்என்ஏல ஒட்டினாதான் நல்லா ஒளிரும். டிஎன்ஏவை வெட்டி அழிக்கிற டிஎன்ஏஸ் என்சைம் போடலைன்னு சொல்றீங்க, அதனால எனக்கு டிஎன்ஏ மேலதான் டவுட், அதே சாம்பிளை க்யூபிட் டிஎன்ஏ கிட்லயும் ஒரு தடவை போட்டுப் பாருங்க, குட்டு வெளிப்பட்டுடும். டிஎன்ஏஸ் போட்டா ஸ்பின் காலம்ங்கிற வடிகட்டிக் குழாய்ல க்ளீன் பண்ணிட்டு அளங்க, இல்லன்னா வெட்டுப்பட்ட துண்டுங்களையும் நானோட்ராப் எண்ணிக்கிட்டு நம்பர் குறையவே குறையாது (இதுல மண்டை காயாதவங்க கம்மி).

க்யூபிட் பக்கமும் தப்பு இருக்கலாம். 1 மைக்ரோலிட்டரை நேரா போட்டா பிப்பெட் பிழையே பெருசா வரும், 10 மடங்கு டைல்யூட் பண்ணி அதுல 10 மைக்ரோலிட்டர் எடுத்து 190 மைக்ரோலிட்டர் வொர்க்கிங் சொல்யூஷன்ல (சாயம் கலந்த பஃபர்) போடுங்க, அளவு தெரிஞ்ச ஸ்டாண்டர்டு ரெண்டையும் அன்னைக்கே புதுசா வைங்க, 2 நிமிஷம் விட்டு ரீட் பண்ணுங்க. ட்யூபைக் கையிலயே பிடிச்சுக்கிட்டு நிக்காதீங்க, சூடானா ரீடிங் இறங்கும், பேரையும் மூடி மேல மட்டும் எழுதுங்க. சீக்வென்சிங்குக்கு சாம்பிள் தயார் பண்ற லைப்ரரி ப்ரெப்புக்குன்னா இப்போதைக்கு 62ஐயே எடுத்துக்கோங்க.